வன்னிநாட்டுக் குளங்களும் வழிகாட்டும் படங்களும்

ஒரு நாட்டிற் புதிதாகக் கால்வைப்போன் முதலில் வேண்டுவது வழியறிவாகும். அவ்வறிவை அளிப்பன இரண்டு: ஒன்று தேசப்படம்; மற்றையது வழிகாட்டி நூல். நீர்நிலைகள் மலிந்த நிலப்பகுதிகளில் இவற்றின் தேவை பெரிது. நீரைச் சுற்றியும் கரையைத் தொடர்ந்துமே அங்குப் பாதைகள் செல்லும், கரையறியாதவன் வழியறியான். வடமேற்கு இங்கிலாந்தின் ஏரிநாட்டுக்கு 1778இல் தோமஸ் வெஸ்ற் என்பார் ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டார். எந்த ஏரியை எவ்விடத்தில் நின்று நோக்கல் வேண்டும் என்று அந்நூல் பிரயாணிக்கு எடுத்துரைத்தது. 1810இல் வேட்ஸ்வேர்த் என்னும் கவிஞர் அதே நாட்டைப் பற்றி எழுதினார். அந்நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவராதலின், ஏரிகளின் எழிலோடு அமையாது, அங்குள்ள மக்கள் இல்லம் அமைத்த முறையையும் மரம் வளர்த்த முறையையும் அவர் விளக்கினார். நிலத்தைக் காண வருவோனுக்கு அந்நிலத்தில் வாழ்வோனே சிறந்த வழிகாட்டி என்னும் உண்மை அந்நூலாற் புலனாகும்.

ஈழத்தின் வன்னிப் பெருநிலமும் நீர்நிலைகளின் நாடே. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா என்னும் மாவட்டங்களில் நூற்றுக்கணக்கான குளங்கள் உள. இவற்றுக்கும் இங்கிலாந்தின் ஏரிகளுக்கும் பெரியதொரு வேற்றுமை உண்டு. அவை இயற்கை தந்தவை. இவை மனிதன் கட்டியவை. இத்தகைய நாட்டுக்குக் காலந்தோறும் பலர் படம் வரைந்தனர், குறிப்பும் எழுதினர். அவருட் பெரும்பாலோர் புறத்திருந்து வந்தவர். படைநடத்தவும், இறை தண்டவும், அணை கட்டவும், இருப்புப்பாதை இடவும் அவர் தத்தமக்கு வேண்டியவற்றை மட்டும் வரைந்தனர். வன்னி மக்களோ தம் வழியறிவைத் தாளில் எழுதினாரல்லர். ஊர்ப்பெயரிலும் குளப்பெயரிலும் அதனைப் பொதிந்து வைத்தனர். இவ்விருவகை வழிகாட்டல்களின் வரலாற்றையும் ஒருங்கு வைத்து நோக்குதல் பயனுடைத்து.

முதற்கண் நிலத்தின் அமைப்பை அறிதல் வேண்டும். வன்னியின் நடுப்பகுதி சற்றே உயர்ந்தது. அங்கிருந்து ஆறுகள் மூன்று திசையிற் பிரிந்து ஓடுகின்றன. கனகராயன் ஆறு வடக்கு நோக்கி ஓடி இரணைமடுக் குளத்தை நிறைத்துச் சுண்டிக்குளம் கடனீரேரியை அடைகின்றது. பேராறு கிழக்கே சென்று முத்தையன்கட்டுக் குளத்துக்கு நீரூட்டி நந்திக்கடலிற் கலக்கின்றது. பாலியாறு வவுனிக்குளத்தைக் கடந்து மேற்குக் கடலை நாடுகின்றது. தெற்கே அனுராதபுரத்திலிருந்து வரும் அருவியாறு வன்னியின் தென்மேற்கு ஓரத்தைத் தழுவி மன்னார்க் கடலை அடைகின்றது. இவ்வாறுகளிற் பல கோடையில் மணலாகக் கிடப்பன. வடகீழ்ப் பருவக்காற்று மழையின்போது பெருகுவன. அம்மழையைத் தேக்கி வைத்து ஆண்டு முழுவதும் வாழ்வதற்கே முன்னோர் குளங்களைத் தொடர் தொடராக அமைத்தனர். மேற்குளத்தின் வான் பாய்ந்தால் அந்நீர் கீழ்க்குளத்தைச் சேரும். ஒரு குளத்தை அறிந்தவன் அதன் வாய்க்காலைத் தொடர்ந்து மற்றொரு குளத்தை அடையலாம். வன்னியின் முதல் வழிப்படம் இந்நீரோட்டமே எனலாம்.

இரண்டாவது வழிப்படம் பெயர்களால் ஆயது. வன்னி ஊர்ப்பெயர்களின் ஈறுகளை நோக்குக: குளம், மடு, கேணி, ஊற்று, மோட்டை, முறிப்பு, கட்டு, ஆறு, முனை. ஒவ்வொன்றும் நீரின் ஒவ்வொரு நிலையைச் சுட்டுவது. கேணி என்பது தோண்டியது. நெடுங்கேணி அதற்குச் சான்று. மடு என்பது ஆழமுடைய நீர்நிலை. இரணை என்பது இரட்டையைக் குறிக்கும் சொல்லாதலின் இரணைமடு என்னும் பெயரே அவ்விடத்தின் பழைய தோற்றத்தைக் காட்டுகின்றது. தண்ணீரூற்று என்ற பெயர் நிலத்தடி நீர் மேலெழும் இடத்தை அறிவிக்கின்றது. முறிப்பு என்பது கட்டு உடைந்த குளம். தண்ணிமுறிப்பு என்னும் பெயரைக் கேட்டமாத்திரத்தே, பண்டொரு காலத்தில் அங்கு நீர் கரையை முறித்தது என்பதனை வழிச்செல்வோன் உணர்வான்.

முன்னொட்டுக்களும் பொருளற்றனவல்ல. மாங்குளம், புளியங்குளம், விளாங்குளம், பூவரசங்குளம் என்பன கரையில் நின்ற மரத்தை அடையாளமாகக் காட்டுவன. கனகராயன்குளம், முத்தையன்கட்டு முதலியன மனிதர் பெயரையும், உடையார்கட்டு ஒரு பதவியையும், செட்டிகுளம் வணிகர் தொடர்பையும் நினைவூட்டுவன. எழுதப்படிக்க அறியாத வண்டிக்காரனும் இப்பெயர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே காட்டைக் கடந்தான். அவனுக்கு அவ்வரிசையே வழிகாட்டி நூல்.

வழியும் குளத்தையே சார்ந்தது. மாரிகாலத்தில் வன்னியின் தாழ்நிலங்கள் சேறாகும்போது, குளக்கட்டே காலுக்கு உறுதியான பாதையாகும். ஒரு கட்டின்மேல் நடந்து, துருசடியைக் கடந்து, வயல்வரம்பில் இறங்கி, அடுத்த கட்டில் ஏறிச் செல்வது கிராமத்தார் வழக்கம். கோடையில் வேறு வழிகள் திறக்கும். வற்றிய அலைகரையின் ஊடே குறுக்குப்பாதை தோன்றும். கடனீரேரிகளின் நிலையும் அத்தகையதே. மாரிவெள்ளத்தால் திறக்கும் முகத்துவாரம் கோடையில் மணலால் அடைபடும். ஆகவே தைமாதத்து வன்னிக்கும் ஆவணிமாதத்து வன்னிக்கும் வழிகள் வெவ்வேறாம். ஒரு பருவத்தில் வரைந்த படம் மறு பருவத்திற் பிரயாணியை ஏமாற்றும் என்பதனை ஊரார் அறிந்திருந்தனர், புறத்தார் பட்டறிந்தனர்.

வழிபாடும் வழியை வகுத்தது. கண்டி வீதியில் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் வாகனத்தை நிறுத்தித் தேங்காய் உடைத்துச் செல்வது இன்றும் மாறாத வழக்கு. நந்திக்கடலோரத்து வற்றாப்பளைக் கண்ணகையம்மன் ஆலயத்தில், கடல்நீரால் விளக்கெரிக்கும் வைகாசிப் பொங்கலுக்குப் பல ஊர்களிலிருந்தும் அடியார் திரள்வர். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் யாத்திரிகரும் வற்றாப்பளையைத் தொட்டே கீழ்க்கரை வழியே திருகோணமலை நோக்கிச் செல்வர். எங்கே நன்னீர் கிடைக்கும், எத்துறையிற் கடக்கலாம், எம்மடத்திலே தங்கலாம் என்னும் செய்திகள் முன்சென்றோர் வாயிலாகப் பின்செல்வோர்க்குக் கிடைத்தன.

இனிப் புறத்தாரின் படங்களையும் குறிப்புகளையும் நோக்குவாம். வடகரைத் துறைமுகமாகிய சம்புகோளத்தையும் அனுராதபுரத்தையும் இணைத்த பெருவழியை மகாவமிசம் குறிப்பிடுகின்றது. வெள்ளரசின் கிளை அவ்வழியே கொண்டுசெல்லப்பட்டதாக அந்நூல் கூறும். யாழ்ப்பாணத்துக்கும் அனுராதபுரத்துக்கும் இடையே கிடப்பது வன்னியாதலின், அப்பெருவழி இந்நிலத்தினூடாகவே சென்றிருத்தல் வேண்டும். கி. பி. இரண்டாம் நூற்றாண்டில் தொலமி என்னும் அறிஞர் தந்த தப்ரபேன் விவரம் இத்தீவை உண்மையிலும் பன்மடங்கு பெரிதாகக் காட்டியது. கடலோடிகள் கூறக் கேட்டு எழுதியதாகலின், கரையூர்களே அதில் மிகுதி.

வன்னியின் ஓரத்தைக் காலால் அளந்த மேனாட்டாருள் றொபேட் நொக்ஸ் குறிப்பிடத்தக்கவர். 1660 முதல் கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டு சிறையிருந்த அவர், சிறுவணிகர் போல நடித்து வடக்கே வந்து, 1679ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் ஒரு தோழருடன் தப்பியோடினார். கையிற் படமில்லை, வழிகேட்க அஞ்சினார். அருவியாற்றின் போக்கையே துணையாகக்கொண்டு காட்டின் ஊடே நடந்து அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். 1681இல் இலண்டனில் வெளியான அவர் நூலில் இலங்கைத் தேசப்படம் ஒன்று இணைந்துள்ளது. அதில் வடபகுதி வன்னியர் ஒருவரின் நாடாகக் குறிக்கப்பட்டுள்ளது. கண்டியரசனுக்கும் ஒல்லாந்தருக்கும் இடையே தனித்ததொரு ஆட்சிநிலம் இருந்தமைக்கு அப்படம் சான்றாகின்றது. ஆற்றைப் பின்பற்றி உயிர்தப்பிய அவர், வன்னி மக்கள் நெடுங்காலமாக அறிந்திருந்த முறையையே தம்மையறியாது கைக்கொண்டார் எனலாம்.

ஒல்லாந்தர் வன்னியை முற்றாக அடக்க முயன்றது அவர்தம் ஆட்சியின் இறுதிக்காலத்திலாகும். அவர்களின் அதிகாரியாக இருந்த தோமஸ் நாகல் 1793இல் வன்னியைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். நிலத்தின் வளம், குளங்களின் நிலை, குடிகளின் தொகை ஆகியவை அவர் நோக்கிற் பட்டன. ஏனெனில் வருவாயே அவர்தம் கருத்து. ஆங்கிலேயர் வந்தபின் போர் மூண்டது. 1803ஆம் ஆண்டு ஓகஸ்ட் 25ஆம் நாள் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றினான். அவ்வாண்டு ஒக்டோபர் 31ஆம் நாள் கற்சிலைமடுவில் அவன் படை தோல்வியுற்றது. அவ்விடத்தே பின்னர் நாட்டிய கல், ஒரு போரின் நினைவாக மட்டுமன்றி, படைகள் காட்டுவழியை அறிந்துகொண்ட காலத்தின் அடையாளமாகவும் விளங்கியது.

இலங்கையின் நிலவளவைத் திணைக்களம் 1800ஆம் ஆண்டு ஓகஸ்ட் 2ஆம் நாள் நிறுவப்பட்டது. நிலவளவை அதிபதியாக இருந்த ஷினைடர் 1822இல் ஒரு படமும், படைத்தலைவராகிய பிறேசர் 1862இல் மற்றொரு படமும் வெளிப்படுத்தினர். அங்குலத்துக்கு ஒரு மைல் என்னும் அளவில் தீவு முழுவதையும் வரையும் பணி 1897இல் தொடங்கிற்று. குளமும் கோயிலும் கால்வழியும் முறையாகக் குறிக்கப்பட்டது அதன் பின்னரேயாகும். உடைந்து கிடந்த குளங்களும் அத்தாள்களில் இடம்பெற்றன. அளவையாளர் கருவிகொண்டு தூரத்தையும் உயரத்தையும் அளந்தனர். பெயரை அளக்கக் கருவி ஏது? அதனை ஊராரிடம் கேட்டே எழுதினர். ஆகவே அப்படத்தில் கோடுகள் அளவையாளருடையன. பெயர்கள் வன்னி மக்களுடையன.

எழுத்தாலான வழிகாட்டிகளும் தோன்றின. சைமன் காசிச்செட்டி என்னும் தமிழறிஞர் 1834இல் இலங்கையின் ஊர்களையும் ஆறுகளையும் அகரவரிசையில் விளக்கும் நூலொன்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார். ஈழத்தவர் ஒருவர் தம் நாட்டைத் தாமே விவரித்த முன்முயற்சிகளுள் அஃது ஒன்றாம். ஜே. பி. லூயிஸ் என்னும் ஆட்சியதிகாரி 1895இல் வன்னி மாவட்டங்களைப் பற்றி விரிவான கைந்நூல் ஒன்றைத் தந்தார். அரசாங்கத் தேவைக்காக எழுந்ததாயினும், வன்னியின் வரலாறு, வேளாண்மை, வழக்கம் ஆகியவற்றை ஆராய்வோர்க்கு அந்நூல் இன்றும் பயன்படுகின்றது. 1960இல் சி. எஸ். நவரத்தினம் வன்னியையும் வன்னியரையும் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார்.

நீர்ப்பாசனப் பொறியியலாளரின் பணி தனியே கூறத்தக்கது. ஹென்றி பாக்கர் 1909இல் வெளியிட்ட பழைய இலங்கை பற்றிய நூலில் வவுனிக்குளத்தின் தொன்மையை ஆராய்ந்தார். நூல்களிற் கூறப்பட்ட பேலிவாபி என்பதே அக்குளம் என்பதும் அதனை ஊட்டும் பாலியாற்றின் பெயரில் அப்பழம்பெயர் எஞ்சியுள்ளது என்பதும் அவர் கருத்து. மொழிகள் மாறினும் நீரின் பெயர் எளிதில் மாயாது என்பதற்கு இதனை எடுத்துக்காட்டலாம். நிலவளவைத் திணைக்களத்தைச் சேர்ந்த ஆர். எல். புறோகியர் 1934, 1935ஆம் ஆண்டுகளில் பண்டை நீர்ப்பாசன வேலைகளைத் தொகுத்து எழுதினார். தமிழராகிய பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1969இல் இலங்கையின் நீர்வளம் பற்றிய நூலிற் குளங்களை ஆற்றுப்படுகை முறையாக வகுத்துக் காட்டினார். இவர்களின் படங்களைக் கொண்டு, காடடர்ந்து கிடந்த பழங்குளங்கள் பல மீண்டும் கட்டப்பட்டன. அவற்றின் கீழ்க் குடியேற்றங்கள் எழுந்தன. புறத்தார் வரைந்த படங்களுள் வன்னிக்கு நெல்விளைத்தவை இவையே.

காட்சி காண வருவோர்க்கென எழுந்த வழிகாட்டி இருப்புப்பாதையோடு வந்தது. 1905இல் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் புகையிரதம் நேராக ஓடத்தொடங்கிற்று. 1908இல் ஹென்றி கேவ் என்பார் இலங்கைப் புகையிரதப் பாதைகளைத் தொடர்ந்து செல்லும் வழிகாட்டி நூலொன்றைப் பிரயாணிகளுக்காக வெளியிட்டார். புகையிரதத்திற் செல்வோன் வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி என நிலையங்களை எண்ணிச் செல்வான். சாளரத்தின் இருபுறமும் அவன் காண்பது காடே. குளங்களோ பாதையை விட்டு உள்ளே விலகிக் கிடந்தன. வீதிவழி செல்வோர்க்கு மைற்கட்டைகள் துணையாயின. கண்டியிலிருந்து எண்ணிவந்த அக்கட்டைகளின் தொகை ஊர்ப்பெயராகவும் நிலைத்தது. கிளிநொச்சியில் 155ஆம் கட்டை என்னும் இடப்பெயர், மைற்கணக்கு ஒழிந்த பின்னும் வழங்குகின்றது. புறத்தார் நட்ட கல்லையும் ஊரார் தம் பெயர்வரிசையிற் சேர்த்துக்கொண்டனர்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வன்னியின் படம் பலமுறை மாறியது. 1978இல் முல்லைத்தீவும் 1984இல் கிளிநொச்சியும் தனி மாவட்டங்களாயின. மணலாறு என வழங்கிய பகுதி 1980களில் வெலி ஓயா என்னும் பெயரில் அரச ஏடுகளில் இடம்பெற்றது. பின்னர் நெடும்போர் நாட்டை மூடியது. 1990இல் வடபகுதிப் புகையிரதம் நின்றது. கண்டி வீதி 2002இல் திறந்து 2006இல் மீண்டும் அடைபட்டது. 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் நந்திக்கடலுக்கும் கடலுக்கும் இடைப்பட்ட முள்ளிவாய்க்கால் மணற்பரப்பிற் போர் முடிந்தபோது, பல்லாயிரம் உயிர்கள் மாய்ந்திருந்தன; எஞ்சியோர் தம் ஊர்களைவிட்டு முகாம்களிற் கிடந்தனர்.

அவர்கள் மீண்டு வந்தபோது, வழிப்படம் என்பது உயிரைக் காக்கும் பொருளாயிற்று. குளக்கட்டிலும் வயல்வரம்பிலும் மிதிவெடிகள் புதைந்திருந்தன. எந்நிலம் துப்புரவாக்கப்பட்டது, எந்நிலம் ஆகவில்லை என்று காட்டும் படத்தையும், மண்டையோடு பொறித்த சிவப்புப் பலகையையும் நோக்கியே மக்கள் அடியெடுத்து வைத்தனர். தலைமுறை தலைமுறையாகக் கண்ணைமூடி நடந்த கட்டின்மேல், அதே ஊரில் பிறந்தவனும் அந்நியன்போல நின்று வழிகேட்கும் நிலை உண்டாயிற்று. புறத்தார் படத்தின் தேவையை வன்னி மக்கள் இத்துணை ஆழமாக முன்னர் உணர்ந்ததில்லை எனலாம்.

வீதி திறந்ததும் தென்னிலங்கையிலிருந்து காட்சி காண்போர் திரளாக வந்தனர். 2014இல் யாழ்ப்பாணம் வரை புகையிரதமும் மீண்டது. அக்காலத்து வந்தோர் பலர் நின்று பார்த்த இடங்களுள் ஒன்று கிளிநொச்சியில் வீழ்ந்து கிடந்த நீர்த்தாங்கியாகும். சீமெந்தினாலான அத்தாங்கி போரின் அழிவைக் காட்டிற்று. ஆயின் அதிலிருந்து சிறிது தூரத்தில், போருக்கு முன்னும் பின்னும் ஆயிரமாயிரம் குடும்பங்களுக்குச் சோறளித்த இரணைமடு விரிந்து கிடந்தது. வன்னியைப் போர்க்களமாக மட்டும் கண்டு மீள்பவன் அதன் அழிவை அறிவான்; அம்மக்கள் எதனால் வாழ்ந்தனர், எதனை நம்பி மீண்டனர் என்பதனை அறியான். அதற்குக் குளத்தைக் காட்டும் வழிகாட்டி வேண்டும்.

அத்தகைய வழிகாட்டி ஒன்று எவ்வாறு அமைதல் வேண்டும்? அது வீதியை முதலாகக் கொள்ளாது ஆற்றை முதலாகக் கொள்ளுதல் தகும். கனகராயன் ஆற்றைத் தொடர்ந்து செல்பவன் இரணைமடுவையும் அதன் கீழ்வயலையும் கண்டு, ஈற்றில் சுண்டிக்குளத்தை அடைவான். 1938இல் பறவைகளின் சரணாலயமாக்கப்பட்டு 2015இல் தேசியப் பூங்காவாகிய அவ்விடத்தில் நீர் கடலோடு கலப்பதைக் காண்பான். பேராற்றைத் தொடர்பவன் முத்தையன்கட்டிலிருந்து நந்திக்கடலுக்கும் வற்றாப்பளைக்கும் செல்வான். தெற்கே செல்பவன் 1951இல் சரணாலயமாக்கப்பட்ட கொக்கிளாய்க் களப்பைக் காண்பான். ஒவ்வொரு குளத்துக்கும் அதன் பெயர், பெயரின் பொருள், நீர் வரும் வழி, நீர் செல்லும் வழி, மாரிவழி, கோடைவழி என்பன குறிக்கப்படல் வேண்டும். ஒரே இடத்துக்கு இருமொழிப் பெயர்கள் வழங்குமாயின் இரண்டையும் எழுதுதல் வரலாற்றுக்கு ஒத்ததாம். வந்தவன் மீனவரின் வலைக்கும் உழவரின் வயலுக்கும் ஊறின்றிச் செல்லும் முறையையும் அது கற்பித்தல் நன்று.

இஃது அரசினர்க்கே இயலும் பெரும்பணி என்று மலைத்தல் வேண்டா. 1955க்கும் 1966க்கும் இடையே இங்கிலாந்தின் ஏரிநாட்டு மலைகளுக்கு ஏழு தொகுதிகளில் வழிகாட்டி வரைந்தவர் வெயின்றைற் என்பார். கெண்டல் நகரசபையிற் கணக்குப் பணி புரிந்த அவர், ஓய்வு நாள்களில் தாமே நடந்து, தம் கையாலேயே படமும் எழுத்தும் வரைந்தார். அளவையாளரின் அரசாங்கப் படம் அவருக்கு அடிப்படையாயிற்று. அதன்மேல் நடந்தவனின் அறிவை அவர் ஏற்றினார்.

வன்னிக்கும் இன்று வேண்டுவது இவ்விரண்டின் சேர்க்கையே. விண்கோளிலிருந்து எடுத்த படம் சிறுகுளத்தின் கரையையும் தெளிவாகக் காட்டும். அதன் பெயரைக் காட்டாது. பெயர் அறிந்த முதியோர் பலர் இடப்பெயர்வுகளின்போது மறைந்தனர். புலம்பெயர்ந்தோர் பிள்ளைகள் அப்பெயர்களைக் கேட்டறியார். காட்டினுட் கிடக்கும் ஒரு சிறு மோட்டையின் பெயரைச் சொல்ல ஒருவரும் இல்லாதபோது, அதனைக் கட்டியவரின் வரலாறும், அதன் நீர்மீது ஊரார்க்குள்ள உரிமையின் சான்றும் உடன் மறையும். வன்னியிற் பிறந்த மாணவன் ஒவ்வொருவனும் விடுமுறைக் காலத்திலே தன் ஊர்க்குளங்களின் பெயரை முதியோரிடம் கேட்டுத் தாளில் எழுதி, அவற்றின் கரையை நடந்து வரைவானாயின், அத்தாள்களே வருங்காலப் பிரயாணிக்கு வழிகாட்டியும் வருங்கால ஆராய்ச்சியாளனுக்கு ஆவணமும் ஆகும். கட்டு முறிந்த குளத்தை மீளக் கட்டுதல் கூடும். முதியோரோடு மறைந்த பெயரை மீட்டல் அரிது.